சிக்கந்தர் கழற்றாத எர்த் கம்பி

சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் வராண்டாவில் மனுவோடு நின்றுகொண்டிருந்தபோது சிக்கந்தரின் மகள் பர்வீனின் போன் வந்தது. கோயில் கொடைத் திருவிழாக்களில் ஒலிபெருக்கி வைப்பதற்கு இருக்கிற கெடுபிடிகளைப் பற்றி, மாவட்டத்து ஒலி, ஒளி அமைப்பாளர்கள் சார்பில் கொடுக்க வேண்டிய மனு. எழுதியவன் நான், கொடுக்க வந்தவனும் நான். கூட வருகிறோம் என்றவர்கள் யாரும் வரவில்லை. அது பழகிப்போன விஷயம்தான்.

"பெரியப்பா, அத்தா மவுத்தாகிட்டாக" என்றாள். "அஸர் தொழுகைக்குப் பெறகு அடக்கம். வந்துருவீகல்ல?" என்றாள்.

வருகிறேன் என்றேன். மனுவை மடித்துப் பைக்குள் வைத்தேன். அது இன்னமும் அந்தப் பையில்தான் கிடக்கிறது.

விருதுநகருக்குத் திரும்ப ஏறிய மினிபஸ்ஸில் சிக்கந்தரின் மிக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இறந்துபோன செய்தி டிரைவருக்குத் தெரியாது. ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டைத் தாளத்தோடு தாளம் சேர்த்து உள்ளே இறக்கி, எங்கே மாறியது என்று ஆடுகிறவனுக்கே தெரியாமல் கொண்டுபோவதில் நம் பக்கத்தில் சிக்கந்தரைப் போல இன்னொருவர் கிடையாது. ஆனால் அந்தப் பஸ்ஸில் ஓடியது பழைய பதிவு. பாட்டு தணிகிற இடங்களிலெல்லாம் அடியில் ஒரு ஹம், தூரத்தில் மாவு மில் ஓடுவதுபோல. ஒரு மனிதன் கண்மூடிய அன்று அவன் வேலையை இந்தக் கோலத்திலா கேட்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அணைக்கச் சொன்னேன்.

"ஏன் பெரியவரே, நல்ல மிக்ஸ்தான? சிக்கந்தர் பாய் போட்டது" என்றான் டிரைவர்.

"அதுக்குத்தாம்லே அணைக்கச் சொல்றேன்" என்றேன்.

அவரை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஸ்பீக்கர் பெட்டி தூக்குகிறவர்கள், லைட் கட்டுகிறவர்கள், அவர் மிக்ஸைப் பென் டிரைவில் வாங்கிப்போய் வண்டியில் போட்டவர்கள். அஞ்சலிக் கூட்டத்தில் அவர் எவ்வளவு நல்ல மனிதர் என்று எல்லோரும் பேசினீர்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பதிவுக்காக அவர் பட்ட பாட்டைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் நான் பேச வேண்டியதாயிற்று.

ஆனைக்குட்டம் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கொடையில்தான் அவரை முதலில் பார்த்தேன். ஆம்ப்ளிபயரும் பெட்டிகளும் என்னுடையவை. டி.ஜே. என்று சொல்லி ஒருவர் லேப்டாப்பும் மிக்சரும் கொண்டுவந்து இறங்கினார். மெலிந்த ஆள், அரைக்கைச் சட்டை, பேச்சு குறைவு. மேசையைப் போட்டுக் கொடுத்தேன். அவர் மேசைக்கு வரவில்லை. எதையோ தேடுகிறவர்போலச் சுற்றிப் பார்த்துவிட்டு நேரே அடி பம்புக்குப் போனார். தண்ணீர் அடிப்பார் என்று நினைத்தேன். உள்ளங்கையைப் பம்பின் மேல் வைத்தார். எடுத்தார். வந்து வேலையைத் தொடங்கினார்.

"பம்புக்கு என்ன தம்பி காய்ச்சலா? தொட்டுப் பாக்கீக?" என்று கேட்டேன்.

"கம்பெனிப் பழக்கம் அண்ணாச்சி" என்றார். அவர் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. வெடிமருந்து அறைக்குள் நுழைகிறவர்கள் வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் தரைக்கு இறங்கிவிடும். இறங்காமல் போனால் என்ன ஆகும் என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சீசன் முடிந்து கம்பெனி சாத்திய பிறகு அவர் டி.ஜே. வேலைக்கு வருவார். வந்த இடத்திலும் அந்தக் கை ஏதாவது ஒரு இரும்பைத் தேடும். "நான் பாத்த ரூம்ல இன்னைக்கு வரைக்கும் ஒரு பொறி விழுந்ததில்ல அண்ணாச்சி" என்பார். தன் மிக்ஸைப் பற்றி அவர் ஒரு நாளும் பெருமையடித்துக் கேட்டதில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு நிமிர்வு இருக்கும்.

அதே கொடையில் சாயங்காலம் பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. சிக்கந்தர் மிக்சரில் கையை மெல்ல இறக்கினார். பாட்டு தேய்ந்து நின்றது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாங்கு முடிந்தபிறகு விட்ட இடத்திலிருந்து அப்படியே ஏற்றினார். சிறிது நேரத்தில் கோயிலில் தீபாராதனை மணி அடித்தது. அதற்கும் அதேபோல இறக்கினார். ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, மணிக்கெல்லாம் நிறுத்த வேண்டியதில்லை, கொடையென்றால் சத்தம் இருக்கத்தானே செய்யும் என்று சொல்லிப் பார்த்தார். "யாரோ யாரையோ கூப்பிடுறாக. நம்ம குறுக்க பேசப்படாது" என்றார் சிக்கந்தர். அந்தப் பெரியவர் அடுத்த வருடமும் அவரைத்தான் கூப்பிட்டார்.

அவர் மிக்ஸ் நேரில் கேட்கும்போது தேன். பதிவில் கேட்டால் தகரம். இது ஊரறிந்த பேச்சாக இருந்தது. முதலில் பாட்டெல்லாம் கரகரத்தது. என்னிடம் கொண்டுவந்தார். நான் படித்தவனில்லை. எரிந்துபோன ஆம்ப்ளிபயர்களைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவன். என்னை இன்றும் மைக்செட்காரர் என்றுதான் கொடை அழைப்பிதழில் போடுகிறார்கள், அதுவும் பந்தல்காரருக்குக் கீழே. இருக்கட்டும். அவர் வேலை செய்யும்போது பின்னால் நின்று பார்த்தேன். மிக்சரில் சிவப்பு விளக்கு அணையவே இல்லை.

"செவப்பு எரிஞ்சாத்தான் அண்ணாச்சி ஆளுக ஆடுவாக" என்றார்.

வெடிச் சத்தத்தை வைத்தே சரக்கு நல்லதா கெட்டதா என்று சொல்கிற ஊரில் வேலை பார்க்கிறவர் வேறு எப்படிச் சொல்வார்? ஆடுகிறவர்கள் கேட்பது என் பெட்டியை, பதிவாவது லேப்டாப்பில். பெட்டி தாங்கும், லேப்டாப் தாங்காது. ஒரு படிக்கு மேல் போன சத்தத்தின் தலையை அது வெட்டிவிடும். வெட்டியதைப் பிறகு ஒட்ட முடியாது. மிக்சரைப் பச்சையிலேயே ஓட்டுங்கள், சத்தம் வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள், ஆம்ப்ளிபயரில் நான் ஏற்றித் தருகிறேன் என்றேன். கேட்டுக்கொண்டார். வாட்ஸ்அப்பில் வந்த பாட்டுகளையும் தூக்கி எறியச் சொன்னேன். அவை பலமுறை பிழிந்த கரும்பு; எந்த மிக்சரில் போட்டாலும் சக்கைதான் வரும். எறிந்தார். சில பதிவுகளைச் செல்போனைப் பெட்டிக்கு முன்னால் வைத்தும் எடுத்துவந்தார். அதை விட்டுவிட்டு எல்லாப் பதிவுக்கும் மிக்சரிலிருந்து நேரே ஒயர் இழுக்கவும் ஒப்புக்கொண்டார். கரகரப்பு போயிற்று.

போனதும் ஹம் கேட்டது. அது முன்பும் இருந்திருக்கிறது, கரகரப்பு மூடியிருந்திருக்கிறது. ஒரு கோளாறு தீர்ந்தால்தான் அதன் முதுகுக்குப் பின்னால் நின்ற கோளாறு தெரியும்.

விருதுநகரில் அவர் வீட்டு மாடியறையில்தான் பதிவு எடுப்பார். போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் போட்டுக் கேட்டேன். ஒயர் நல்ல ஒயர். மிக்சர் நல்ல மிக்சர். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினால் ஹம் நின்றது, மாட்டினால் வந்தது. அப்போதுதான் மேசைக்குக் கீழே பார்த்தேன். மிக்சரின் உடம்பிலிருந்து ஒரு தடித்த செம்புக் கம்பி கிளம்பி, சுவரோரமாக ஓடி, ஜன்னல் வழியே இறங்கிக் கொல்லைக்குப் போயிற்று. அங்கே கரியும் உப்பும் போட்டுக் குழி எடுத்து, செம்புத் தகடு புதைத்து, தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். அறை வாசலில் கம்பெனியில் இருப்பதுபோலவே தொடுவதற்கு ஒரு தகடு. அதுவும் அந்தக் குழிக்குத்தான் போகிறது. சார்ஜரும் ஆம்ப்ளிபயரும் வீட்டு எர்த்தில். மிக்சர் மட்டும் இவர் எர்த்தில். இரண்டு எர்த் இருந்தால் இரண்டுக்கும் நடுவே மின்சாரம் ஊர்ந்து திரியும். அதுதான் அந்த ம்ம்ம். வேறு எந்த ஊர் டி.ஜே.யும் செய்திருக்க முடியாத கோளாறு இது. பத்திரமாக இருக்க வேண்டும் என்று பட்டாசுக்காரர் செய்த காரியம்தான் பதிவைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

கம்பியைக் கழற்றுங்கள் என்றேன்.

முடியாது என்றார். சரி, மற்றவர்கள் செய்வதுபோலச் சார்ஜரில் எர்த் முள்ளை உடைத்துவிடலாம் என்றேன். அவர் முகம் மாறியது.

"எர்த் இல்லாத சாமான் எம் மேசையில ஏறாது அண்ணாச்சி. ஹம் கேட்டா காதுதான் வலிக்கும். நான் எர்த்தக் கழட்டி ஒருத்தன் கைய வச்சான்னா?"

சார்ஜர் இல்லாமல் ஓட்டிப் பார்த்தோம். அவருடைய பழைய லேப்டாப் பாதி மிக்ஸில் அணைந்தது. ஹம்மைத் தடுக்க ஒயருக்கு நடுவில் மாட்டுகிற சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். அது ஹம்மோடு சேர்த்து அடித்தாளத்தையும் தின்றுவிட்டது. கடைசியில், கம்பியைக் கழற்றினால் என்னைக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அவரும் கூப்பிடவில்லை.

அந்தப் பங்குனி முழுவதும் ஒரே கொடைகளில்தான் வேலை செய்தோம். பேச்சு மட்டும் இல்லை. பெட்டி தூக்குகிறவர்கள் எங்கள் இருவருக்கும் நடுவே தபால் கொண்டுபோனார்கள். இடது பக்கத்துப் பெட்டி தூங்குகிறது என்று அண்ணாச்சியிடம் சொல்லுங்கள் என்பார் அவர். பெட்டி தூங்கவில்லை, அவர் போடுகிற பாட்டுதான் அதைத் தாலாட்டுகிறது என்று சொல்லுங்கள் என்பேன் நான். சொல்லிவிட்டு அவர் சிரிப்பது தெரிகிறதா என்று நான் ஓரக்கண்ணால் பார்ப்பேன். குனிந்துகொண்டிருப்பார். தோள் மட்டும் குலுங்கும்.

பிறகு அவருக்கு உடம்பு முடியாமல் போன செய்தி வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பர்வீன் அவருடைய ஒரே மகள். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். அவள்தான் என்னைத் தேடி வந்தாள். "அத்தா ஒரே ஒரு பதிவு சுத்தமா எடுக்கணும்ங்காக பெரியப்பா. கை நடுங்குது. இன்னும் கொஞ்ச நாள்ல அதுவும் முடியாது. ஒங்களக் கூப்பிடவான்னு கேட்டேன். வேண்டாம், அவுக வந்தா கம்பியக் கழட்டச் சொல்வாகன்னாக" என்றாள்.

நான் சமாதானம் பேசப் போகவில்லை. ஹம்மைப் பார்க்கத்தான் போனேன்.

கட்டிலை மாடியறையிலேயே போட்டிருந்தார்கள். சட்டை அவர்மேல் வேறு யாருடையதோபோல் தொங்கியது. நலம் விசாரித்தால் இரண்டு பேருக்கும் அழுகை வந்துவிடும் என்று தெரிந்ததால் நான் விசாரிக்கவில்லை. அவரே பேசினார்.

"ஊர்ல ஓடுற பதிவு எல்லாத்துலயும் ஹம் இருக்கு அண்ணாச்சி. இருக்கிற வரைக்கும் பரவாயில்ல, நேர்ல வந்து கேளுங்கன்னு சொல்லலாம். போன பெறகு? எல்லாரும் அந்த ஹம்மத்தான நான்னு நெனைப்பாக."

நான் கொல்லைக்குப் போய்க் குழியைப் பார்த்தேன். அவரால் படி இறங்க முடியாமல் போன பிறகு பர்வீன் தண்ணீர் ஊற்றிவந்திருக்கிறாள். மண் ஈரமாக இருந்தது. மேலே வந்து சொன்னேன். குழி இருக்கட்டும். கம்பியும் இருக்கட்டும். அதை மேசைக்குக் கொண்டுவராமல் கீழே மெயின் போர்டுக்குக் கொண்டுபோவோம். வீட்டு எர்த்தும் இந்த எர்த்தும் அங்கேயே ஒன்றாகட்டும். அங்கிருந்து ஒரே கம்பி மாடிக்கு ஏறி, ஒரே பிளக் பலகைக்கு வரட்டும். மிக்சர், லேப்டாப், ஆம்ப்ளிபயர் எல்லாம் அந்த ஒரு பலகையில் சாப்பிடட்டும். வாசல் தகடும் அதிலேயே சேரட்டும்.

அவர் கண்ணை மூடி அந்தக் கம்பியின் பின்னாலேயே போய்ப் பார்த்தார். "அப்ப எர்த் போகாது" என்றார்.

"போகாது. முன்னைக்கு இப்பக் கெட்டியாகும்."

"இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?"

"ரெண்டு எர்த்துன்னு மொதல்லயே சொன்னேன். கழட்டுங்கங்கது மட்டுந்தான் ஒங்க காதுல விழுந்துச்சு."

"நீங்க கழட்டுங்கன்னு மட்டுந்தான சத்தமாச் சொன்னீக" என்றார். மெதுவாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குக்கூட அவருக்கு மூச்சு போதவில்லை. இந்த வழக்கு அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். நான் முதலிலேயே சொன்னேன் என்பதுதான் என் கட்சி. எதிர்க்கட்சி இல்லாமல் போனதால் நான் ஜெயித்துவிட்டதாக ஆகாது.

மெயினை அணைத்துவிட்டு நானே கம்பியை மாற்றினேன். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பதிவுக்கு உட்கார்ந்தார். பர்வீன் தோளைப் பிடித்துக் கூட்டிவந்தாள். இருக்கிற அறைக்குள்ளேயே, கட்டிலிலிருந்து மேசைக்கு வருகிற அந்தச் சின்ன தூரத்தில், அவளை வாசல் பக்கம் திருப்பச் சொல்லி, போய்த் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் வந்தார். கை நடுங்கியது. மிக்சரில் வைத்ததும் நடுக்கம் குறைந்தது. நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். விளக்கு பச்சையைத் தாண்டவில்லை. நான் பின்னால் நின்று அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதையும் பார்க்கத் தைரியம் இல்லை.

ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு அவர் போய்க்கொண்டிருக்கும்போது பள்ளிவாசலில் அஸர் பாங்கு தொடங்கியது. எப்போதும்போலக் கையை மெல்ல இறக்கினார். நான் பதிவை நிறுத்தட்டுமா என்று சைகையால் கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். தன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

ஹம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பாட்டு ஓடும்போது கேட்க முடியாது. பாட்டு நின்றால்தான் தெரியும். மாட்டிக்கொண்டு கேட்டேன். என் காது வயதான காது, அதை நான் நம்பவில்லை. பர்வீனிடம் கொடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டாள். பிறகு அத்தாவைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினாள். அவர் என்னைத்தான் பார்த்தார்.

"ஒண்ணுமில்லேல்ல, அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல."

பாங்கு முடிந்தது. அவர் பாட்டை மீண்டும் ஏற்றினார். கடைசி வரைக்கும் போட்டார். அதற்குப் பிறகு அவர் அந்த மேசையில் உட்காரவில்லை.

அந்தப் பதிவு இப்போது என்னிடம் இருக்கிறது, பர்வீனிடமும் இருக்கிறது. அஞ்சலிக் கூட்டம் முடிந்ததும் நம் சங்கச் செயலாளர் முத்துப்பாண்டி அதை யூடியூபில் போட வேண்டும் என்றார். போடுங்கள் என்றேன். நடுவில் சத்தமே இல்லாமல் ஒரு இடம் வருகிறது, கேட்கிறவன் பாட்டு நின்றுவிட்டது என்று தள்ளிக்கொண்டு போய்விடுவான், அதை மட்டும் வெட்டி ஒட்டிவிடலாம் என்றார். முடியாது என்றேன். பதிவைக் கொஞ்சம் சத்தமாக்கியாவது போடலாமா என்றார். அதற்கும் முடியாது என்றேன். பிடிவாதக்காரர் என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. வயதான காதுதான், ஆனால் அதற்குப் போதும்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பழைய பதிவை வண்டியில் வைத்திருக்கிறவர்கள் கழற்றிவிடுங்கள். என்னிடம் வாருங்கள், புதியதை ஏற்றித் தருகிறேன். வெட்டாமல் கேளுங்கள். அந்த இடம் வரும்போது வண்டி ரிப்பேர் என்று பயணிகளிடம் சொல்லாதீர்கள்.

நான் அதை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அந்த நேரத்தில் அறைக்குள் பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தது. பதிவில் அது கிடையாது. பர்வீன் மூக்கை உறிஞ்சினாள், அதுவும் கிடையாது. அவர் கேட்டதும் இல்லை, நான் பதில் சொன்னதும் இல்லை. மிக்சரிலிருந்து நேரே இழுத்த ஒயரில் இதெல்லாம் ஏறாது. ஏறக்கூடியது ஹம் ஒன்றுதான். அது இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரு பங்குனி முழுக்கப் பேசாமல் இருந்தது எந்தச் சுத்தத்துக்காகவோ, அது அந்த இடத்தில் இருக்கிறது. சிக்கந்தரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒன்றுமில்லாததைத்தான்.